பன்னிரண்டு எந்திரங்களில் ஒரு மத்தியானம்

செருப்பு ஒரு விரல் அளவு பெரிது. நாமக்கல்லை விட்டுச் சேலம் ரோட்டில் வடக்கே நடந்துகொண்டிருந்தேன். அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் குதிகால் பின்னால் வழுக்கியது. நல்ல தோல், பாதம் படும் இடம் மெத்தென்று இருந்தது. அப்படி ஒரு செருப்பை அதற்கு முன் நான் போட்டதில்லை. அது என்னுடையது அல்ல, எங்கள் மேனேஜருடையது. கம்ப்யூட்டர் அறைக்குள் தூசி போகக்கூடாது என்று எல்லோரும் செருப்பை வாசலில் கழற்றி வைப்போம். அன்று என்னை வெளியே போகச் சொன்னபோது அவர் உள்ளே இருந்தார், அவருடைய செருப்பு வெளியே இருந்தது. அவசரத்தில் மாற்றிப் போட்டுக்கொண்டதாகப் பின்னால் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். என்னுடைய ரப்பர் செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, நிதானமாக அவருடையதைப் போட்டுக்கொண்டுதான் படி இறங்கினேன்.

வேலை போனால் நான் நடப்பேன். அது பழக்கம். பஸ்ஸில் உட்கார்ந்தால் நெஞ்சுக்குள் ஏதோ கொதிக்கும். நடந்தால் அது காலுக்கு இறங்கிவிடும். பதினொன்றாவது பாதியில் பள்ளியை விட்டு நடந்தேன். போர்வெல் வண்டியில் மத்தியப் பிரதேசம் வரை போய், ஒரு வருடம் குழாய் தூக்கி, கை விரல் ஒன்று வளையாமல் போனதும் அங்கிருந்து நடந்தேன். லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வெளிச்சம் கண்ணில் ஒத்துக்கொள்ளவில்லை; அங்கிருந்தும் நடந்தேன். எந்த ஊரிலும் இரண்டு ஆடி பார்த்ததில்லை. இந்தக் கோழிக் கம்பெனியில்தான் நான்கு வருடம் இருந்துவிட்டேன். சேர்ந்தது சுமை தூக்கத்தான். ஒரு லாரியில் வந்த பன்னிரண்டு பழைய கம்ப்யூட்டர்களை இறக்கி வைக்க ஆள் கேட்டார்கள். இறக்கினேன். ஒயர் இழுக்கச் சொன்னார்கள், இழுத்தேன். அதை அமைக்க வந்த பெங்களூர் இன்ஜினியர் மூன்று மாதத்தில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். போகும்போது, பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள் என்பதால், ஒரு நோட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. கம்பெனிக்குக் கறிக்கோழி வளர்த்துக் கொடுக்கும் ஷெட்டுகள் மாவட்டம் முழுக்க இருந்தன. ஷெட்டுக்கு ஒரு கேமரா. அந்தப் படங்களையெல்லாம் ஒரே எந்திரத்தில் வைக்க முடியாது. அதனால் நாமக்கல் ஆபீசில் நான்கு, சேலம் அஸ்தம்பட்டி ஆபீசில் நான்கு, புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் நான்கு என்று மூன்று இடங்களில் எந்திரங்கள். பன்னிரண்டும் சேர்ந்து தங்களை ஒரே பெட்டி என்று நினைத்துக்கொள்ளும். ஒரு படத்தை உள்ளே போட்டால் அதைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பிரதி எடுத்து, வெவ்வேறு இடங்களில் வைத்துக்கொள்ளும். எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை. கறுப்பு ஜன்னலில் ஒரு வரி தட்டினால் போதும். பட்டியல் பார்க்க ஒரு வரி, உள்ளே போட ஒன்று, வெளியே எடுக்க ஒன்று, இடம் மாற்ற ஒன்று, பிரதிகளைக் கூட்டவோ குறைக்கவோ ஒன்று, அழிக்க ஒன்று. எனக்கு ஆங்கிலம் வராது. ஆனால் அந்த வரிகள் ஆங்கிலமாக எனக்குத் தோன்றியதே இல்லை. ஸ்பானர் அளவுகள் மாதிரி. எந்த நட்டுக்கு எது என்று கை தெரிந்துகொண்டது.

மேனேஜரை அவர் என்றே எழுதுகிறேன். மரியாதையால் அல்ல. அவன் என்று எழுதினால் கோபம் சீக்கிரம் தீர்ந்துவிடும். எனக்குத் தீர வேண்டாம். அஸ்தம்பட்டியில் வீடு. நெற்றியில் சந்தனம் கலையாமல் சாயங்காலம் வரை இருக்கும். முதலாளி எதிரில் என்னைத் தம்பி என்பார், அவர் தலை மறைந்ததும் டேய். அவருக்கு அந்தக் கறுப்பு ஜன்னல் பிடிக்காது. ஒரு வரிகூடத் தானாகத் தட்டத் தெரியாது. என் முதுகுக்குப் பின்னால் நின்று, "அதை எடு, இதைக் காட்டு" என்பார். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு." இடம் போதவில்லை என்று மூன்று பிரதியை இரண்டாகக் குறைக்கச் சொன்னவர் அவர். நான்கு எந்திரம் ஒரே சமயத்தில் நின்றால் சில படங்கள் திறக்காமல் போகும் என்றேன். "கேட்டதுக்கு மட்டும்" என்றார். குறைத்தேன்.

ஒரு சமயம் நான் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்திருந்தேன். அதற்கப்புறம், நான் இல்லாதபோது தேவைப்படும் என்று என்னிடம் எல்லா வரிகளையும் ஒரு தாளில் எழுதி வாங்கினார். கொட்டை எழுத்தில், ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழில் விளக்கத்தோடு எழுதிக் கொடுத்தேன். மறுவாரம் அதை லேமினேஷன் செய்து சுவரில் மாட்டினார். கீழே தயாரிப்பு என்று போட்டு அவர் பெயர். முதலாளி அதைத் தடவிப் பார்த்து, "நல்லா பண்ணியிருக்கறய்யா" என்று அவர் தோளில் தட்டியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தத் தாளில் நான் ஒரு சொல்லை எழுதவில்லை. அழிக்கச் சொன்னால் அந்த எந்திரம் உடனே அழிக்காது. குப்பைக்குள் தூக்கிப் போட்டுவிட்டு, நாம் வைத்த கெடு முடிந்த பிறகுதான் நிஜமாக அழிக்கும். குப்பைக்குப் போகாமல் நேராக ஒழித்துக்கட்ட இன்னொரு சொல் சேர்க்க வேண்டும். இந்த மனிதரின் அவசரம் எனக்குத் தெரியும். ஒரு மாதப் படத்தை அழிக்கச் சொல்லிவிட்டு மறுநாள் அதையே கேட்டவர். அதனால் அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். குப்பைக்குக் கெடு இரண்டு நாள் என்று வைத்ததும் நான்தான்.

கோழி செத்தது கத்திரி வெயிலில் ஒரு திங்கட்கிழமை. புதுச்சத்திரம் பண்ணை ஓர் அக்காவினுடையது. ஐம்பது வயது இருக்கும். கணவர் முட்டை லாரி ஓட்டிக்கொண்டு பாதி நாள் கேரளாவில் இருப்பார். குஞ்சும் தீவனமும் கம்பெனியினுடையது, ஷெட்டும் பாடும் அக்காவினுடையது. ஷெட்டை ஒட்டிய சாமான் அறையில்தான் எங்கள் நான்கு எந்திரங்களும் இருந்தன. பண்ணைக்கு ஒரே ஜெனரேட்டர். கரண்ட் போனால் தானாக ஓடும். ஷெட்டு வாசலில் ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச். மேலே தள்ளியிருந்தால் கோழிக்கு, அதாவது மின்விசிறிக்கும் தண்ணீரைப் புகை மாதிரி தெளிக்கும் ஃபாகருக்கும். கீழே இழுத்தால் எங்கள் எந்திர அறைக்கு. இரண்டுக்கும் சேர்த்து அந்த ஜெனரேட்டர் இழுக்காது. சுவிட்ச் எப்போதும் மேலேதான் இருக்க வேண்டும் என்பது பண்ணைகளில் எழுதப்படாத சட்டம். வெயில் நாளில், விற்கிற எடைக்கு வந்த கோழிக்கு ஒரு மணி நேரம் காற்று இல்லையென்றால் முடிந்தது.

அன்று அக்கா தடுப்பு மருந்து வாங்க நாமக்கல் வந்திருந்தார். மேனேஜர் ஒரு கேமராவைச் சரி பார்க்க அந்தப் பண்ணைக்குப் போயிருந்தார். நாமக்கல் ஆபீசில் முதலாளி, வெளி மாநிலத்திலிருந்து வந்த விருந்தாளிகளுக்குப் பெரிய திரையில் எல்லா ஷெட்டுகளையும் காட்டிக்கொண்டிருந்தார். புதுச்சத்திரத்தில் கரண்ட் போனது. அங்கிருக்கும் எந்திரங்களின் பேட்டரி இறங்கிக்கொண்டே வந்ததை நான் பார்த்தேன். மேனேஜருக்குப் போன் செய்தேன். நான்கும் நிற்கப் போகிறது, திரையில் பாதி கறுப்பாகிவிடும் என்றேன். பேட்டரி இறங்குவது நின்றது. விருந்தாளிகள் கை தட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு அக்கா வீடு திரும்பியபோது ஒரு ஷெட்டு முழுக்கக் கோழி வாயைப் பிளந்து இறக்கையை அகட்டிப் படுத்திருந்தது. மேனேஜர் கிளம்பிப் போயிருந்தார். சுவிட்ச் மேலேதான் இருந்தது. அக்காதான் கவனிக்காமல் சுவிட்சைக் கீழே விட்டுவிட்டுப் போயிருக்கிறார், வந்த பிறகு மாற்றிவிட்டு நாடகம் ஆடுகிறார் என்று மேனேஜர் அறிக்கை எழுதினார். இனி அந்த ஷெட்டுக்குக் குஞ்சு கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட்டது.

அக்கா முதலாளியிடம் ஒன்றுதான் கேட்டார், அன்றைய படத்தைப் போட்டுப் பார்க்கச் சொல்லி. வியாழக்கிழமை காலை பார்ப்பதாக முதலாளி சொன்னார். புதன்கிழமை மத்தியானம் நான் சாப்பிடப் போயிருந்தேன். என் கறுப்பு ஜன்னலை மூடிவிட்டுப் போகக்கூடாது என்பது மேனேஜரின் கட்டளை. எனவே திறந்தே இருந்தது, என் பெயரிலேயே இருந்தது. வியாழக்கிழமை படம் இல்லை. மேனேஜர் எந்திரத்தின் குறிப்பேட்டை என்னையே திறக்கச் சொல்லி, முதலாளிக்குக் கேட்கும்படி வாசித்தார். புதன்கிழமை மத்தியானம், அழித்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

"ஏப்பா, கோழி செத்தது பத்தாதா? அதப் பதிஞ்சதையும் நீ கொல்லோணுமா?" என்றார் முதலாளி.

"நான் சாப்பிடப் போயிருந்தேனுங்க."

"அது உன் பேருதானே?" என்றார் மேனேஜர். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"ஆமாங்க."

"அவ்வளவுதான் சார்."

கம்பெனிப் போனை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். செருப்பைப் பற்றி முன்பே சொல்லியாயிற்று.

நாமக்கல் மலை முதுகுக்குப் பின்னால் சிறுத்துக்கொண்டே வந்தது. லாரி பட்டறைகள் முடிந்து, வேலி போட்ட பெரிய பள்ளிக்கூடங்கள் முடிந்து, சோளக்காடு வந்தது. சேலம் போய், அங்கிருந்து எங்கேயாவது என்பதுதான் திட்டம். நடக்க நடக்க வழக்கம்போலக் கொதிப்பு காலுக்கு இறங்கவில்லை. வேலை போனது எனக்குப் பெரிதல்ல, எத்தனையோ போயிருக்கிறது. ஆனால் ஒருத்தியின் ஒரே சாட்சியை அழித்தவன் என்ற பெயரோடு எந்த ஊரை விட்டும் நான் போனதில்லை. ரோட்டோரம் கம்மங்கூழ் வண்டியில் ஒரு சொம்பு வாங்கிக் குடித்துக்கொண்டே, அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து அந்த வரியைத் தட்டிய விதத்தை மனதில் ஓட்டிப் பார்த்தேன். அவருக்கு வரி தெரியாது. சுவரில் மாட்டிய தாளைப் பார்த்துத்தான் எழுத்து எழுத்தாகத் தட்டியிருப்பார். என் தாள். நான் ஒரு சொல்லை விட்ட தாள்.

சொம்பு கையில் அப்படியே நின்றது. படம் அழியவில்லை, குப்பையில் இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவான குப்பை என்று ஒன்று அங்கே கிடையாது. யார் அழித்தாரோ அவர் பெயரில் இருக்கும் இடத்துக்குள், பட்டியலில் கண்ணுக்குப் படாத ஓர் அறைக்குள் போய் விழும். அவர் பெயரில் அழித்திருந்தால் அவருடைய குப்பையில் கிடந்திருக்கும். என்னால் தொட முடியாது. பழியை என்மேல் போடுவதற்காக என் பெயரில் அழித்தார். அதனால் அந்தப் படத்தைக் கொண்டுவந்து என் வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை அது அங்கே இருக்கும். என் பெயரை நீக்கியிருப்பார்களோ என்று ஒரு நொடி பயந்தேன். பிறகு சிரிப்பு வந்தது. கம்பெனியில் வேலையை விட்டவர்களின் பெயரை நீக்குவது என் வேலை.

கூழ்க்காரர், "என்னங்க, கூழு புளிக்குதுங்களா, சிரிக்கிறீங்க?" என்றார்.

"இல்லீங்க, நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.

நாலரை மணிக்குப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தேன். அக்கா வாசலில் தீவனச் சாக்குகளை உதறி மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த சாக்கைக் கீழே போட்டார். செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது.

"வந்துட்டயா? எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்தே? உன்ற ஊடு மாதிரி எத்தன நாளு இங்க மோரு குடிச்சிருக்கறே! என்ற கோழி செத்துதுங்கறது ஒரு பக்கம். அதுக்கு நாந்தான் காரணம்னு ஆக்கீட்டயே, அதுக்கு என்னத்தச் சொல்றது?"

"நான் அழிக்கலீங்கக்கா."

"உன்ற பேரு இருக்குதுன்னு சொன்னாங்க."

"பேரு என்னுதுதானுங்க. கை என்னுதில்ல. அந்த ரூம்பு சாவி குடுங்க, காட்டறேன். காட்ட முடியலீன்னா அந்த வெளக்கமாத்தாலயே அடிங்க."

அக்கா சாவியைக் கொடுத்தார். விளக்குமாற்றையும் எடுத்துக்கொண்டுதான் பின்னால் வந்தார். அறை வாசலில் செருப்பைக் கழற்றினேன். அதைப் பார்த்து, "பரவால்லயே, வேல போன அன்னைக்கே தோல் செருப்பு வாங்கீட்டயா?" என்றார். சொன்னேன் யாருடையது என்று. அந்த வாரத்தில் அவர் முகம் முதல் தடவையாகக் கொஞ்சம் அசைந்தது.

நாலு எந்திரங்களும் வழக்கம்போல முனகிக்கொண்டிருந்தன. எந்த எந்திரத்தில் உட்கார்ந்தாலும் பன்னிரண்டும் பேசும். என் பெயரைத் தட்டினேன், உள்ளே விட்டது. குப்பையின் பட்டியலைக் கேட்டேன். வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி வந்தது. திங்கட்கிழமைத் தேதி, இந்த ஷெட்டின் எண். பசித்தவனுக்கு இலை போட்டதும் கை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. வெளியே எடுத்துப் படத்தை ஓட்டினேன்.

கேமரா ஷெட்டின் மூலையில், உயரத்தில் இருந்தது. சத்தம் பதியாது. கரண்ட் போனதும் விசிறிகள் நின்று, ஜெனரேட்டர் எடுத்ததும் மறுபடி சுற்றின. கோழிகள் சும்மா மேய்ந்தன. மேனேஜர் எந்திர அறையிலிருந்து வெளியே வந்தார். காதில் போன். சுவிட்சுக்கு எதிரே நின்றார், ஷெட்டை ஒரு தடவை பார்த்தார், கீழே இழுத்தார். விசிறிகள் மெதுவாகி நின்றன. தண்ணீர்ப் புகை மறைந்தது. அவர் உள்ளே போய்விட்டார். அங்கே ஏசி. எந்திரங்களுக்குக் கரண்ட் கிடைத்ததால்தான் கேமரா நிற்காமல் ஓடியது. கோழியிடமிருந்து எடுத்த கரண்டில்தான் அவரைப் பற்றிய சாட்சியே பதிவாகியிருந்தது. அதற்குப் பிறகு நடந்ததை ஓட்டிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், பார்க்கிறேன் என்றார் அக்கா. விளக்குமாற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றபடியே கடைசிவரை பார்த்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து மேனேஜர் வந்து, மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, சுவிட்சை மேலே தள்ளினார்.

அக்கா படத்தை முதலுக்குப் போகச் சொன்னார். மேனேஜர் சுவிட்சை இழுக்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"போன்ல யாருகூடப் பேசறான் சாமி?"

அந்தக் கேள்வி வரும் என்று, நடந்து வந்த வழியில் எனக்குத் தோன்றவே இல்லை. மேனேஜரைப் பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் அந்தக் காது எனக்குத் தெரியவில்லை. பண்ணைக்கு ஒரே ஜெனரேட்டர் என்பது எனக்குத் தெரியும். அந்த ஒயரையே நான்தான் இழுத்தேன். படத்தில் சத்தம் கிடையாது. முதலாளி என்று சொல்லியிருந்தால் அக்கா நம்பியிருப்பார்.

"என்கூடத்தானுங்க" என்றேன்.

"என்ன சொன்னே?"

"மிஷின் நிக்கப் போகுதுன்னு சொன்னேனுங்க."

"கோழின்னு ஒரு வார்த்த சொன்னயா?"

"இல்லீங்க."

"அவன் சொன்னானா?"

"இல்லீங்க."

"செரி" என்றார். அதற்குப் பதில் விளக்குமாற்றால் அடித்திருக்கலாம்.

அக்கா வெளியே போனார். தனியாக உட்கார்ந்திருந்தேன். நான் தாளில் எழுதாமல் விட்ட அந்தச் சொல்லைச் சேர்த்து, எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் இடத்தைக் குறித்து, ஒரு முழு வரி தட்டினேன். எல்லாவற்றையும் திறக்கும் பாஸ்வேர்டும் என்னிடம்தான் இருந்தது. அதை அனுப்பினால் நான்கு வருடப் படமும் பன்னிரண்டு எந்திரங்களிலிருந்தும் போகும், குப்பைக்குக்கூடப் போகாது. அவருடைய பெரிய திரை, அவருடைய சந்தனம், தோளில் விழுந்த அந்தத் தட்டு, எல்லாம் போகும். விரல் பொத்தான் மேல் இருந்தது. அனுப்பாததற்கு நல்ல குணம் காரணமில்லை. அனுப்பினால், நான் அழிக்கிறவன் என்று அவர் சொன்ன பொய் உண்மையாகிவிடும். அந்த உதவியை அவருக்கு நான் செய்யத் தயாராக இல்லை. ஒவ்வோர் எழுத்தாகப் பின்னால் போய் அழித்தேன்.

அதற்குப் பதில் இரண்டே வரி தட்டினேன். முதலாளி தினமும் காலை ஆறு மணிக்கு வீட்டு டிவியில் காபியோடு பார்ப்பதற்கென்று ஓர் இடம் உண்டு; முந்தின நாள் படங்களில் முக்கியமானதை நான்தான் அங்கே எடுத்து வைப்பேன். அந்தத் திங்கட்கிழமையைக் குப்பையிலிருந்து அங்கே நகர்த்தினேன். வேறு எதையும் வைக்கவில்லை. அடுத்தது, பிரதி. இடம் போதாது என்று இரண்டாகக் குறைக்கச் சொன்னாரல்லவா? இந்த ஒரு படத்துக்கு மட்டும் பன்னிரண்டு என்று போட்டேன். எந்திரம் ஒவ்வொன்றாகப் பிரதி எடுத்து முடிக்கும்வரை திரையில் ஒவ்வொரு புள்ளியாக வைத்துக்கொண்டே போகும். அன்று அந்தப் புள்ளிகள் நீண்டதைப் பார்த்த மாதிரி நான் சினிமாகூடப் பார்த்ததில்லை. நாமக்கல்லில், புதுச்சத்திரத்தில், அவர் வீட்டுக்குப் பக்கத்தில் அஸ்தம்பட்டியில், எல்லா எந்திரத்திலும் அவர் கை சுவிட்சை இழுத்துக்கொண்டிருந்தது. அக்காவின் பென்டிரைவில் ஒரு பிரதி போட்டுக் கொடுத்தேன். பதின்மூன்று.

வெளியே வந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா ஷெட்டு வாசலில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். கோழிகளை அன்றே குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தாயிற்று. தரையில் உமியும் எருவும் அப்படியே கிடந்தன.

"நாளைக்கு இத அள்ளோணும்" என்றார், என்னைப் பார்க்காமல். "கேட்ட ஆளெல்லாம் நாத்தம்னு வரமாட்டீங்கறாங்க."

"நான் அள்ளறேனுங்க."

"மம்பட்டி மூலைல கெடக்குது. சோறு திங்கறயா?"

அந்தச் செருப்பு இன்றும் என்னிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர் நடந்தாயிற்று. இரண்டு தடவை லாரி டயரில் அடி வைத்துத் தைத்தேன். முதலில் ஒரு விரல் அளவு பெரிதாக இருந்தது இப்போது என் காலுக்குச் சரியாக அமுங்கிவிட்டது. மேனேஜர் காலின் தடம் அதில் இல்லை. மன்னித்துவிட்டாயா என்று ஒருத்தர் கேட்டார். செருப்பைக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் பாதி ஷெட்டு அள்ளியிருந்தேன். எருவில் கிளம்பும் காரம் கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. கம்பெனிக் கார் வந்து நின்றது. முன்னால் முதலாளி, பின்னால் மேனேஜர், நல்ல கறுப்பு ஷூவில். முதலாளி அக்காவிடம் நேராகப் போய், "அம்மிணி, படம் பாத்தனுங்க. அடுத்த வாரம் குஞ்சு எறக்கீரலாம்" என்றார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, "போன்ல யாரு?" என்றார்.

அவர் அதற்காகவே காத்திருந்த மாதிரி கை நீட்டினார். "இவன்தான் சார். இவன்தான் கரண்ட் போகுதுன்னு என்னை அவசரப்படுத்தினான். நான் என்ன நினைச்சேன்னா..."

"ஆமாங்க, நான்தான்" என்றேன் முதலாளியிடம். "நேத்தே அக்காகிட்டச் சொல்லீட்டேன். அதான் அள்ளீட்டிருக்கறேன்."

நீட்டிய கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அக்கா கேட்டார், "சுவிச்ச இழுத்தது நீங்கதானுங்களே?"

"அது வந்துங்க, அன்னைக்குக் கெஸ்ட் இருந்தாங்க, சிஸ்டத்துல என்ன பிரச்சினைன்னா..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க சார்" என்றேன். நான்கு வருடம் வைத்திருந்த சொல்.

"ஆமா" என்றார்.

"அப்ப செரி" என்றார் அக்கா. "இந்தத் தம்பி பங்கு இந்தப் பாதிங்க. உங்க பங்கு அந்தப் பாதி கெடக்குது. இன்னொரு மம்பட்டியும் இருக்குது."

மேனேஜர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தீவனத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது போதுமாக இருந்தது. மேனேஜர் பேன்ட்டை முழங்கால் வரை மடித்தார். ஷூவைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. வாசலில் கழற்றி ஓரமாக வைத்தார். வேறு ஏதாவது கிடைக்குமா என்று சுற்றிலும் பார்த்தவர் என் காலைப் பார்த்தார். எரு ஒட்டி நிறம் மாறியிருந்தாலும் அவருக்குத் தெரிந்துவிட்டது. வாய் திறந்தது. நான் குதிகாலை ஒரு தடவை உள்ளே தள்ளிச் சரியாகப் போட்டுக்கொண்டேன். அவர் வெறுங்காலோடு உள்ளே இறங்கினார்.

நான் என் பாதியை அள்ளத் தொடங்கினேன்.